டேப் ஒழுகினால் யார் மாற்றுவது?

உப்புக்காற்று வீசும் எங்கள் அக்காள்மடத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வாடகைக் கிடங்கில் டேப் ஒழுகியபோது, உரிமையாளர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தோம். பருப்பு மூட்டைகள் நனைந்ததுதான் மிச்சம்!

22.2.2019 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் வீட்டுக்கும் கடைக்கும் பொறுப்பைப் பிரித்துள்ளது. டேப், வாஷர் மாற்றுவதும், சாக்கடை அடைப்பு எடுப்பதும், கழிப்பறைப் பழுதும் வாடகைதாரர் பொறுப்பு. தண்ணீர் லைன் மாற்றுவதும், கட்டடப் பழுதும் உரிமையாளர் பொறுப்பு. அவர் மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. நாம் மறுத்தால் அவர் செய்து, முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.

இது நகர்ப்புறங்களுக்கான சட்டம். கிராம ஊராட்சிகளில் கடை நடத்தும் நம் வணிகர்கள் இதே பிரிவினையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நலம். பழுதுபார்த்த ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஐந்து ரூபாய் வாஷருக்காக மூட்டைக் கணக்கில் நஷ்டப்பட வேண்டாம்.