மகிழுந்துப் பொறி: பழுதுநீக்கமும் மாற்றீடும்

பழுதடைந்த மகிழுந்துப் பொறியைச் சீர்செய்வதா, அல்லது அதனை இறக்கிவிட்டு வேறொரு பொறியைப் பொருத்துவதா என்பது தொழில்நுட்பம், செலவு, சட்டம் ஆகிய மூன்றையும் சார்ந்த முடிவு ஆகும். பேச்சு வழக்கில் பொறியை எஞ்சின் என்றும், அதனைப் பிரித்துப் புதுப்பிப்பதை எஞ்சின் வேலை என்றும் கூறுவர். இக்கட்டுரை தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முடிவு எடுக்கப்படும் முறையை விளக்குகிறது.

வட்டாரச் சூழல்

விருதுநகர் மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே அமைந்த வறண்ட நிலப்பகுதி. சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் கரிசல் மண் மிகுதி. கோடையில் இம்மண்ணின் நுண்தூசி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். வடிகட்டி கிழிந்திருந்தாலோ சரியாகப் பொருந்தாவிட்டாலோ தூசி சிலிண்டருக்குள் சென்று ரிங்குகளையும் சுவரையும் தேய்க்கிறது. சிவகாசிப் பகுதியில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பி ஏராளமான வேன்களும் சரக்கு வண்டிகளும் ஓடுகின்றன. சிற்றூர்களிலிருந்து தொழிலாளர்களை ஆலைகளுக்கு ஏற்றிச் செல்லும் வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால், உரிமையாளருக்கு அந்த வார வருமானம் இல்லை. ஆகவே இங்கு நாள்கணக்கும் செலவுக் கணக்கின் ஒரு பகுதியே.

வெப்பமிகுதி

பொறி பழுதடையப் பல காரணங்கள் உண்டு. இவ்வட்டாரத்தில் முதலில் ஐயுற வேண்டியது குளிர்விப்பு அமைப்பையே. மாவட்டத்தின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மையும் உப்பும் கொண்டது. அந்நீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டினால், சூடாகும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகள் படிந்து குழாய்களையும் பொறியின் உட்புற நீர்வழிகளையும் அடைக்கின்றன. வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெண்படிவு இதுவே.

ரேடியேட்டர் மூடியும் எளிதில் புறக்கணிக்கப்படும் பகுதி. மூடி சுமார் 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்போது நீரின் கொதிநிலை ஏறக்குறைய 118 பாகை செல்சியசாக உயர்கிறது. மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால் அதே நீர் 100 பாகையிலேயே கொதித்து வெளியேறும். இராசபாளையம் வழியாகச் செங்கோட்டை, ஆரியங்காவு மலைப்பாதையில் சுமையுடன் ஏறும் வண்டிக்கு இந்த வேறுபாடு பெரிது.

அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய சிலிண்டர் ஹெட் பொருத்தப்பட்ட பொறி அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைகிறது. இடையிலுள்ள கேஸ்கெட் எரிகிறது. நீர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் மாறும். மேலும் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பற்றிக்கொண்டு பொறி நின்றுவிடும். வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டதும் வண்டியை நிறுத்தியவருக்குக் கேஸ்கெட் செலவோடு முடியலாம். ‘அடுத்த ஊர் வரை போய்விடலாம்’ என்று ஓட்டியவருக்கு முழு எஞ்சின் வேலை காத்திருக்கும்.

பழுதைக் கண்டறிதல்

பொறியைத் திறந்து அளக்காமல் கூறப்படும் எந்தத் தீர்ப்பும் ஊகமே. திறப்பதற்கு முன் செய்யத்தக்கது அமுக்கச் சோதனை. பெட்ரோல் பொறியில் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து, குறைவான சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அமுக்கம் கூடினால் ரிங் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் பழுது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் அமுக்கம் குறைந்தால் இடையிலுள்ள கேஸ்கெட் பகுதி எரிந்திருக்கக்கூடும். டீசல் பொறியில் எண்ணெய் விட்டுச் சோதிக்கக் கூடாது.

ஹெட்டைக் கழற்றியபின் நேர்விளிம்புக் கோலையும் இடைவெளி அளவித் தகட்டையும் கொண்டு வளைவை அளப்பர். பல சிறு பொறிகளின் கையேடுகளில் 0.05 மில்லிமீட்டரே எல்லையாகக் குறிக்கப்பட்டுள்ளது. எல்லையை மீறிய ஹெட்டை லேத் பட்டறையில் சீவிச் சமன்செய்யலாம். அதற்கும் ஓர் அளவு உண்டு.

சீர்செய்தல்

சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதனைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் பொருத்துவர். கிராங்கையும் அவ்வாறே சாணைபிடித்து, அதற்கேற்ற தடித்த பேரிங் இடுவர். அம்பாசிடரின் 1489 கன செ.மீ. பொறி போன்ற பழைய வார்ப்பிரும்புப் பொறிகள் இத்தகைய வேலையைப் பலமுறை தாங்கின. இன்றைய அலுமினிய பிளாக்குகள் சிலவற்றுக்குப் பெரிய அளவு பிஸ்டனைத் தயாரிப்பாளர் விற்பதில்லை. சுவர் கீறினால் பிளாக்கையே மாற்ற நேரிடும். பிளாக் வெடித்திருந்தாலும், கனெக்டிங் ராடு உடைந்து அதனைத் துளைத்திருந்தாலும் மாற்றீடே பெரும்பாலும் வழி.

மாற்றீடும் பதிவும்

தயாரிப்பாளரின் புதிய பொறி, பிற பட்டறை புதுப்பித்த பொறி, உடைக்கப்பட்ட வண்டியிலிருந்து எடுத்த பழைய பொறி என மூன்று வாய்ப்புகள் உள்ளன. சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தை. பழைய பொறி மலிவானது, விரைவில் பொருத்தத்தக்கது. ஆனால் அதன் உட்புற நிலை வாங்குபவருக்குத் தெரியாது. அது திருட்டு வண்டியினுடையதாகவும் இருக்கலாம். விற்பனைச் சீட்டும் பழைய வண்டியின் ஆவண நகலும் இன்றி வாங்குதல் தகாது.

பொறி எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். அதே எண் ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கும். ஆகவே ஹெட், பிஸ்டன், கிராங்க் ஆகியவற்றை மாற்றினால் அது பழுதுநீக்கம். வேறு எண் கொண்ட பிளாக் ஏறினால் அது பதிவு விவரத்தில் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. மாற்றம் செய்த 14 நாள்களுக்குள் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதியச் செய்ய வேண்டும். வாடகைக் கொள்முதலில் உள்ள வண்டிக்குப் பதிவு உரிமையாளரின் எழுத்து வழி இசைவும் தேவை. இம்மாவட்டப் பதிவுக் குறியீடுகள் விருதுநகர் டி.என். 67, திருவில்லிபுத்தூர் டி.என். 84, சிவகாசி டி.என். 95 ஆகும். எண் பொருந்தாத வண்டி விற்பனையிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கிக்கொள்ளும்.

செலவுக் கணக்கு

வண்டியின் சந்தை விலை 1,20,000 ரூபாய், எஞ்சின் வேலை 45,000, பழைய பொறி பொருத்துக்கூலியுடன் 35,000 என்று கொள்வோம். பத்தாயிரம் மிச்சமெனத் தோன்றும். ஆனால் அடைபட்ட ரேடியேட்டரையும் கெட்ட மூடியையும் அப்படியே விட்டு இந்தப் பழைய பொறியை ஏற்றினால், அதுவும் அதே வெப்பத்தில் பழுதாகும்; அப்போது செலவு இருமடங்கு. எதைத் தேர்ந்தாலும் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், நீரேற்றி, மின்விசிறி ஆகியவற்றைச் சோதித்து, கனிமம் நீக்கிய நீரில் கலந்த கூலன்ட் ஊற்றுவது வேலையின் பகுதியே ஆகும். அதற்கான தொகையையும் சேர்த்தே இரு வழிகளையும் ஒப்பிட வேண்டும்.

தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பதினான்கு வயதான வண்டிக்குப் பெருந்தொகை செலவிடுமுன் சட்டகத்தின் துருவையும் பார்த்துவிடுவது நல்லது.

இயல்பான தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான காப்பீட்டில் அடங்கா. வெள்ளத்தில் நின்ற வண்டியை இயக்க முயன்று, சிலிண்டருக்குள் புகுந்த நீரால் கனெக்டிங் ராடு வளைவதும் பெரும்பாலும் கூடுதல் கட்டணப் பாதுகாப்பு இருந்தாலன்றி ஏற்கப்படுவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழை போன்ற வேளையில் நீரில் மூழ்கிய வண்டியின் சாவியைத் திருப்பாமல் இழுத்துச் செல்வதே முறை. விபத்தில் சேதமுற்ற வண்டியின் பழுதுச் செலவு, காப்பீட்டில் அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 விழுக்காட்டை மீறினால், வண்டி மொத்த இழப்பாகக் கருதப்படும்.