குடல் அழற்சி நோயும் ஸ்டீராய்டு மருந்தும்: உட்கொள்ளும் முறை, குறைக்கும் முறை

பெருங்குடல் புண் அழற்சி, கிரோன் நோய் ஆகிய இரண்டும் நீண்ட காலம் தொடரும் குடல் அழற்சி நோய்கள். இவை சில காலம் அடங்கியிருக்கும். சில காலம் சீறி எழும். இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சல், எடைக்குறைவு என நோய் தீவிரமடையும்போது, அதனை விரைந்து அடக்குவதற்கு மருத்துவர் பல வேளைகளில் ஸ்டீராய்டு மருந்தைப் பரிந்துரைக்கிறார். இம்மருந்தைப் பற்றிய அச்சமும் அலட்சியமும் நோயாளிகளிடையே ஒருசேரக் காணப்படுகின்றன. இரண்டுமே தீங்கு விளைவிப்பவை.

எதற்காகத் தரப்படுகிறது?

குடற்சுவரில் எழும் அழற்சியைத் தணிப்பதே ஸ்டீராய்டின் பணி. ஆக்ஸ்போர்டு மருத்துவர்களான ட்ரூலவ், விட்ஸ் ஆகிய இருவரும் பெருங்குடல் புண் அழற்சி கொண்ட 210 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை 1955ஆம் ஆண்டு வெளியிட்டனர். கார்டிசோன் என்னும் ஸ்டீராய்டு பெற்றவர்கள், அதனைப் பெறாதவர்களைவிட அதிக எண்ணிக்கையில் நலமடைந்ததை அவ்வாய்வு காட்டியது. ஆனால், நோய் அடங்கிய பின்னும் ஸ்டீராய்டைத் தொடர்வதால் நோய் மீண்டும் எழுவதைத் தடுக்க இயலாது என்பது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. எனவே ஸ்டீராய்டு தீயை அணைக்கும் நீர் போன்றது. வீட்டைக் காக்கும் கூரை அன்று. அக்கூரையாக அமைபவை மெசலமைன், அசதயோபிரின், உயிரியல் ஊசி மருந்துகள் போன்றவை. ஸ்டீராய்டு நின்ற பின்னும் அவற்றைத் தொடர வேண்டும்.

எப்போது, எவ்வாறு உட்கொள்வது?

பிரெட்னிசோலோன் மாத்திரையைக் காலை உணவுக்குப் பின், ஒரே வேளையாக உட்கொள்வது வழக்கம். நம் உடலில் இயற்கையாகச் சுரக்கும் கார்டிசால் அதிகாலையில்தான் மிகுதியாக இருக்கும். காலையில் மாத்திரை உட்கொள்வது அந்த ஒழுங்குக்கு இணங்கியது. இரவில் உட்கொண்டால் உறக்கம் கெடக்கூடும்.

புடசோனைடு என்னும் ஸ்டீராய்டு, குடலின் குறிப்பிட்ட பகுதியை அடைந்த பின்னரே வெளிப்படுமாறு செய்யப்பட்டது. அதன் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைக்கப்படுவதால் உடலின் பிற பகுதிகளில் பக்கவிளைவு குறைவு. இம்மாத்திரையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. ஆசனவாய் வழியாகச் செலுத்தும் எனிமாவாயின், மலம் கழித்த பின், உறங்கச் செல்லுமுன், இடப்பக்கமாகப் படுத்துச் செலுத்திக்கொள்வது நன்று.

ஒரு நாள் காலை மறந்துவிட்டால், அன்றே நினைவுக்கு வந்தவுடன் உட்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்ததெனில் அன்றைய அளவை மட்டும் உட்கொள்க. இரட்டிப்பாக உட்கொள்ளக் கூடாது.

திடீரென ஏன் நிறுத்தக் கூடாது?

இரு சிறுநீரகங்களின் மேலும் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகளே கார்டிசாலைச் சுரப்பவை. நோய், காயம், அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் இரத்த அழுத்தத்தைக் காத்து உயிரை நிலைநிறுத்துவது இச்சுரப்பு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு சில வாரங்கள் தொடர்ந்து வரும்போது, சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்து ஓய்ந்துவிடுகின்றன. அந்நிலையில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால், உடலில் கார்டிசாலும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றாகிவிடும். கடும் சோர்வு, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, இரத்த அழுத்தம் வீழ்தல் ஆகியவை தோன்றும். உயிருக்கே ஆபத்து நேரலாம். இக்குறிகளைக் குடல் நோயின் குறிகள் என்றே எண்ணி வீட்டில் காத்திருப்போர் உண்டு. அதுவே பெரும் ஆபத்து.

இக்காரணத்தால்தான் மருந்து படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. சான்றாக, நாளொன்றுக்கு 40 மி.கி. எனத் தொடங்கி, நோய் அடங்கியபின் வாரந்தோறும் 5 மி.கி. வீதம் குறைத்தால், 40, 35, 30 என இறங்கி 5 மி.கி. வரை வர எட்டு வாரங்கள் ஆகும். இஃது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்களுக்குரிய அட்டவணையை உங்கள் மருத்துவரே வகுப்பார்.

இங்கு நேரும் பிழை பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியது. பிரெட்னிசோலோன் 5, 10, 20, 40 மி.கி. எனப் பல அளவுகளில் கிடைக்கிறது. ‘இரண்டு மாத்திரை’ என்பது 10 மி.கி.யாகவும் இருக்கலாம், 80 மி.கி.யாகவும் இருக்கலாம். ஆகவே மாத்திரையின் எண்ணிக்கையை அன்றி, மி.கி. அளவையே நினைவில் கொள்க. மருந்துக் கடையில் வேறு அளவு மாத்திரை கொடுக்கப்பட்டால், கணக்கை அங்கேயே கேட்டுத் தெளிக. குறைக்கும் அட்டவணையை வீட்டு நாள்காட்டியில் எழுதி, ஒவ்வொரு நாளும் உட்கொண்டபின் அடையாளமிடுவது நல்ல வழக்கம்.

பக்கவிளைவுகள்

பசி மிகுதல், முகம் உப்புதல், முகப்பரு, உறக்கமின்மை, எரிச்சல் அல்லது மனச்சோர்வு ஆகியவை தோன்றலாம். மருந்து குறையக் குறைய இவை பெரும்பாலும் மறைந்துவிடும். முகம் உப்பியதைக் கண்டு அஞ்சி, மருந்தைத் தாமாகவே விட்டுவிடலாகாது. வீட்டிலுள்ளோரும், நோயாளி சட்டென்று சினம் கொள்வதை அவர் இயல்பின் மாற்றமாகக் கருதாமல் மருந்தின் விளைவாகவும் இருக்கலாம் என உணர்ந்து, அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இரத்தச் சர்க்கரை உயரக்கூடும். காலையில் உட்கொள்ளும் பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரையை அதிகம் உயர்த்துவதால், வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் இயல்பாக இருப்பது போதாது. மதிய உணவுக்குப் பின்னரும் பரிசோதிப்பது நன்று. இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு மிகுந்தவற்றைக் குறைக்க வேண்டும். எலும்பு மெலிவதைத் தடுக்கக் கால்சியமும் வைட்டமின் டியும் மருத்துவர் கூறும் அளவில் தேவை. நீண்ட காலம் உட்கொள்வோர் கண்புரைக்கும் கண் அழுத்தத்துக்கும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைவதால், முன்பு காசநோய் வந்தவர்களும், வீட்டில் காசநோயாளி உள்ளவர்களும் அதனை முன்னதாகவே கூற வேண்டும். சின்னம்மை, அக்கி கண்டவர்களின் அருகே செல்ல வேண்டா. சென்றிருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். எந்தத் தடுப்பூசியையும் மருத்துவரைக் கேட்டபின்னரே போட்டுக்கொள்க.

பழைய சீட்டும் மீந்த மாத்திரையும்

மீண்டும் வயிற்றுப்போக்கு வந்தவுடன், பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி உட்கொள்வது தவறு. அமீபா முதலிய கிருமிகளாலும் இரத்தப்போக்கு ஏற்படும். அமீபாத் தொற்று இருப்பதறியாமல் ஸ்டீராய்டு உட்கொண்டால், தொற்று கட்டுக்கடங்காமல் பரவலாம். ஆதலின் மலப் பரிசோதனை முதலில், மருந்து பிறகு. மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளைத் தாமாக உட்கொள்வதும் கூடாது. அவை வயிற்றில் புண் உண்டாக்கும், குடல் நோயையும் தூண்டக்கூடும்.

தொடங்கி மூன்று மாதங்களுக்குள் அளவை 10 மி.கி.க்குக் கீழே குறைக்க இயலவில்லை எனினும், நிறுத்திய மூன்று மாதங்களுக்குள் நோய் திரும்பினாலும், உங்களுக்கு வேறு சிகிச்சை தேவைப்படுகிறது என்பதே பொருள். அதனை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

வாந்தியினால் மாத்திரை வயிற்றில் தங்காதபோது, ஊசி வழியாக ஸ்டீராய்டு தர வேண்டியிருக்கும். மறுநாள்வரை காத்திருக்க வேண்டா. காய்ச்சல், மயக்கம், மிகுந்த இரத்தப்போக்கு, கறுத்த மலம், வயிறு உப்பி இறுகுதல் ஆகியவை தோன்றினாலும் உடனே வருக. ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் மறைக்கக்கூடியது. ஆதலால் வலி குறைவாக இருக்கிறதே என்று பொருட்படுத்தாமல் இருக்கலாகாது.

பல் பிடுங்குதல், அறுவை சிகிச்சை, விபத்து என எதற்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும், ஸ்டீராய்டு உட்கொள்வதையும், கடந்த ஓராண்டில் உட்கொண்டிருந்தால் அதனையும் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். நீங்கள் பேச இயலாத வேளையில் அச்சீட்டு உங்களுக்காகப் பேசும்.