காடு மேடு வண்டி – 9: இன்ஜின் கிடக்கட்டும், அடியில் படுத்துப் பாருங்கள்!

பழைய ஜிப்சி விற்பவர்களின் வசனம் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. "இன்ஜின் சுத்தம் சார். ஒரு ரூபா செலவு இல்ல. எடுத்தா ஓட்ட வேண்டியதுதான்." வாங்க வந்தவரும் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார். ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்கிறார். சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். புது பெயின்ட்டைத் தடவிவிட்டுத் தலையாட்டுகிறார். முன்பணம் கைமாறிவிடுகிறது. அந்த வண்டி அவருக்கு லாபமா நஷ்டமா என்று முடிவுசெய்யும் சேஸிஸ், ஃபோர் வீல் அமைப்பு, காகிதம் ஆகிய மூன்றையும் அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

சென்ற வாரம் ஃபோர் வீல் டிரைவ் எப்படி இயங்குகிறது என்று பார்த்தோம். அதைப் படித்த பலருக்கும் அடுத்து வரும் ஆசை, பழைய வண்டி ஒன்றை வாங்கி மலையேற்றுவதுதான். அதற்கு இந்தியாவில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று மாருதி ஜிப்சி. அதையே எடுத்துக்காட்டாக வைத்து, குறைகளை எப்படி எடை போடுவது என்று இந்த வாரம் பார்ப்போம்.

சுஸுகி ஜிம்னியின் இரண்டாம் தலைமுறையை நீட்டிச் செய்த வண்டி இது. 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தபோது அதன் திறன் 45 குதிரைத்திறன்தான். 1996-இல் 1,298 சிசி இன்ஜினோடு 'ஜிப்சி கிங்' வந்தது. திறன் 60 ஆனது. 2000-இல் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்ததும் அது 80 ஆயிற்று. 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. இவ்வளவு காலமும் ஏணிபோன்ற இரும்புச் சேஸிஸ், முன்னும் பின்னும் ஒற்றை அச்சு, நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங் என்ற அடிப்படை மாறவே இல்லை.

ஆகவே, இன்று சந்தையில் உள்ள கடைசி ஜிப்சிக்கே வயது ஏறிவிட்டது. குறையே இல்லாத ஜிப்சி என்று யாராவது சொன்னால், குறை மறைக்கப்பட்ட ஜிப்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், இத்தனை ஆண்டுகள் ஒரே அமைப்பில் வந்ததால் இதன் நோய்கள் எல்லாம் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். எது எங்கே தேயும், எங்கே துருப்பிடிக்கும் என்று தெரிந்துகொண்டே நாமும் பார்க்கப் போகலாம்.

ஒவ்வொரு குறையிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடிய பாகமா? மாற்றினால் திரும்ப வராமல் இருக்குமா? மாற்றாமல் ஓட்டினால் உயிருக்கு ஆபத்தா? லேசானதிலிருந்து கனமானதை நோக்கிப் போவோம்.

விலையைக் குறைக்கும் குறைகள்

எல்லோரும் பயப்படும் இன்ஜினை நான் முதல் தட்டில், அதாவது லேசான குறைகளின் தட்டில்தான் வைப்பேன். ஜிப்சி கிங்கில் உள்ள ஜி13 இன்ஜின் குடும்பம்தான் மாருதி எஸ்டீமிலும் ஓடியது. அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை.

புகையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கி, மறுபடி அழுத்தும்போது மட்டும் நீலப்புகை குப்பென்று வந்தால் வால்வு சீல் போயிருக்கலாம். அது சின்னச் செலவு. அழுத்த அழுத்த நீலப்புகை தொடர்ந்து வந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் உள்ளிருந்து காற்று தள்ளினால், ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். இன்ஜினை இறக்க வேண்டும். சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். எதுவானாலும் பட்டறையில் விலை விசாரித்து, அந்தத் தொகையை வண்டி விலையில் கழிக்கச் சொல்லலாம்.

தொங்கிப்போன பட்டை ஸ்பிரிங், சத்தம் போடும் யூ.ஜே. கிராஸ், வழுக்கும் கிளட்ச் பிளேட், ஒழுகும் ஷாக் அப்சார்பர், கிழிந்த ரெக்சின் கூரை எல்லாம் இந்தத் தட்டில்தான் சேரும். இவை பேரத்துக்குப் பயன்படும் குறைகள். இவற்றுக்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம்.

சோதித்தால்தான் தெரியும் குறைகள்

அடுத்த தட்டில், வண்டி சாதாரணமாக ஓடும்போது வெளியே தெரியாத குறைகள். பல ஜிப்சிகள் ஆண்டுக்கணக்கில் தார்ச்சாலையிலேயே ஓடியிருக்கும். ஃபோர் வீல் லீவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். விற்பவரே "அதெல்லாம் வேலை செய்யும்" என்று நம்பிக்கொண்டிருப்பார்.

ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக, ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும்; இரண்டையும் ஒரு குட்டி புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணைக்கும். ரப்பர் செத்துவிட்டால் முழுப்பெட்டியும் ஆடும், அதிரும், லீவர் நடுங்கும். மண்தரைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். முன் ஹப்பில் திருகிப் பூட்டும் அமைப்பு இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டுங்கள். லோ கியரில் ஏற்றத்தில் ஏற்றி, அதே ஏற்றத்தில் இறக்குங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் லீவர் தானாக நழுவி வெளியே வந்தால் உள்ளே பல்லோ ஃபோர்க்கோ தேய்ந்துவிட்டது. செங்குத்து இறக்கத்தில் இன்ஜின் பிடிமானம் திடீரென்று விட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. இந்தச் சோதனையைத் தார்ச்சாலையில் செய்யாதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி இது. பிடிமானமுள்ள தரையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் பாகங்கள் ஒன்றையொன்று முறுக்கும். நல்ல வண்டிகூடக் கெட்டுப்போகும்.

பிறகு முன்சக்கரம். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங். சக்கரத்தின் உள்பக்கம், உருண்டையான நக்கிளைச் சுற்றிக் கிரீஸ் வழிந்து மண் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. சின்னப் பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் படபடவென்று அடித்துக்கொள்ளும் நோய் பழைய ஜிப்சிகளில் பரவலாக உண்டு. கிங்பின், டை ராட், ஸ்பிரிங் புஷ், டயர் என்று பல இடங்களின் தேய்மானம் சேர்ந்து அதை உண்டாக்கும். ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை மாட்டி அதை மறைத்து விற்பதும் உண்டு. காரணங்களைச் சரிசெய்யாதவரை நோய் உள்ளேயேதான் இருக்கும்.

கடைசியாக, முன் பின் ஹவுசிங்குகளில் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் வண்டி ஆறு ஓடை இறங்கி, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியே நாள்கணக்கில் நின்றிருந்தால் கிரவுன் பினியனும் பேரிங்குகளும் அரித்திருக்கும். இந்தத் தட்டில் உள்ள குறைகளும் தீரக்கூடியவைதான். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வந்தால், செலவு வண்டி விலையை நெருங்கிவிடும்.

வாங்கவே கூடாத குறை

மலையடிவாரப் பட்டறைகளில், "அண்ணே, இன்ஜின் எப்படி?" என்று ஆவலாகக் கேட்பவர்களுக்கு, "இன்ஜின் கிடக்கட்டும் தம்பி, மொதல்ல அடியில படுத்துப் பாரு" என்றுதான் அனுபவசாலிகள் பதில் சொல்வார்கள். இந்த வண்டியில் பாடி, இன்ஜின், ஸ்பிரிங் எல்லாமே சேஸிஸில் தொங்குபவை. சேஸிஸ் போனால் வண்டி போயிற்று.

டார்ச்சும் சிறு சுத்தியலும் போதும். பின்பக்கம், பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் மாட்டும் இடத்தில் தொடங்குங்கள். சேறும் ஈரமும் அங்கேதான் தங்கும். பிறகு பாடி மவுன்ட்டுகள், கால் வைக்கும் தரைத்தகட்டின் அடி. சேஸிஸ் சட்டம் உள்ளே கூடானது. சேறு உள்ளே தங்கினால் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். அதனால் தட்டிப் பாருங்கள். கெட்டி இரும்பு 'ணங்' என்று கேட்கும். அரித்த இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள். எதையாவது மூடத்தான் பெரும்பாலும் விற்கும் வாரத்தில் அதை அடிக்கிறார்கள்.

வெல்டிங் அடுத்தது. தொழிற்சாலை வெல்டிங் ஒரே சீராக இருக்கும். மேலே தகடு வைத்துத் திட்டுத்திட்டாகப் பற்றவைத்திருந்தால் அங்கே விரிசல் விட்டிருக்கிறது. விபத்தில் சட்டம் வளைந்திருக்கிறதா என்று அறிய, சமதரையில் நிறுத்தி, சட்டத்தின் இரு பக்கமும் ஒத்த புள்ளிகளைத் தேர்ந்து, மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாக இருக்கவேண்டும். ஈரச்சாலையில் நேராக ஓட்டச் சொல்லி, முன்டயர் தடத்தின் மேல் பின்டயர் தடம் விழுகிறதா என்றும் பார்க்கலாம். பின்பக்கம் ஒதுங்கி ஓடும் வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

முன்னாள் வாழ்க்கை

வண்டி யாரிடம் இருந்தது என்று தெரிந்தால் எங்கே தேடவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். காவல்துறையில் ஓடிய வண்டி நின்றபடியே மணிக்கணக்கில் இன்ஜின் ஓடியிருக்கும். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை வைத்து இன்ஜினின் வயதைச் சொல்லமுடியாது. ராந்தம்பூர், கார்பெட் போன்ற காப்பகங்களில் கூரை கழற்றிச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய வண்டியில் பாடியும் ஸ்பிரிங்குகளும் அடி வாங்கியிருக்கும். பின்னால் கூடுதல் இருக்கைகளை வெல்டிங் செய்திருப்பார்கள். தேயிலைத் தோட்ட வண்டிக்கு மழையும் துருவும். கடற்கரை ஊர் வண்டிக்கு உப்புக்காற்று. ராலியில் ஓடிய வண்டிக்குச் சேஸிஸ் விரிசல்.

எனக்கு அதிகம் பயம் தருவது, ஆர்வலர் ஒருவர் 'அலங்கரித்த' வண்டிதான். உயர்த்திய ஸ்பிரிங், பெரிய டயர், இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் பார்க்கக் கம்பீரம். ஆனால் பெரிய டயரின் பாரம் ஆக்ஸில், பிரேக், ஸ்டீயரிங் மூன்றின் மேலும் விழும். வண்டியை உயர்த்தினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி யூ.ஜே. சீக்கிரம் போகும். அவர் செலவழித்ததற்காக நீங்கள் கூடுதல் விலை தரவேண்டியதில்லை. ஒரிஜினல் பாகங்கள் கைவசம் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் விடக் கனமானது

துருவைக்கூட ஒருவர் பணம் கொட்டிச் சரிசெய்துவிடலாம். தப்பான காகிதத்தை எந்தப் பட்டறையும் சரிசெய்யாது. சேஸிஸில் குத்தியுள்ள எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இன்ஜின் எண்ணையும் பாருங்கள். பெட்ரோல் ஜிப்சியில் டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தால் ஆர்.சி.யில் அந்த மாற்றம் பதிவாகியிருக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாகத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பதிவாகாத இன்ஜினோடு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும்.

டெல்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலும், உச்ச நீதிமன்றம் 2018-இலும் தடை போட்டன. அதன் பிறகு அங்கிருந்து மலிவாக வண்டி எடுத்துவந்து தெற்கே விற்கும் வியாபாரம் பெருகியது. அப்படி வந்த வண்டி என்றால் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் முடிந்துவிட்டனவா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் விலை மலிவு அங்கேயே கரைந்துவிடும். 'ஆர்மி ஏலத்தில் எடுத்தது' என்றால் ஏலத்தின் மூலக் காகிதங்களைக் கேளுங்கள். கடன் இருந்திருந்தால் ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு (ஹெச்.பி.) ரத்தாகியிருக்கவேண்டும்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு தகுதிச் சோதனை (எஃப்.சி.) பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டவேண்டும். கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ஆக்கப்பட்டது. எஃப்.சி. இரண்டு மாதத்தில் முடியப்போகும் ஜிப்சியை விற்க ஒருவர் அவசரப்பட்டால் அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கும்.

ஒரே விலைக்கு இரண்டு ஜிப்சிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று புகைகிறது, பெயின்ட் வெளிறியிருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறது. சேஸிஸ் கெட்டி, காகிதம் நேர். மற்றொன்றின் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை, உடம்பு மினுங்குகிறது. அடியில் புதுக் கறுப்பு கோட்டிங், ஆர்.சி. இன்னும் மூன்றாம் மனிதர் பெயரில். கண்ணை மூடிக்கொண்டு முதல் வண்டியை வாங்கி, நேரே பட்டறைக்கு ஓட்டிப்போங்கள். கொழுக்குமலை ஏறும் பழைய மஹிந்திரா ஜீப்புக்கும் இதே தீர்ப்புதான். பாகங்களின் பெயர் மாறும், எடை வரிசை மாறாது.

வண்டி பார்க்கப் போகும் நாளில் அழுக்கானால் கவலையில்லாத சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் அடியில் படுத்துப் பார்ப்பதற்கு விற்பவர் தயங்கினால், பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

(தொடரும்)