மன இறுக்கமும் குருதிக் கொழுப்பும்

தேர்வுக்காலக் காலைப் பொழுதில் ஊரப்பாக்கம் தொடர்வண்டி நிலையத்தில் நிற்கும் மாணவச் செல்வங்களை நாம் கண்டிருக்கிறோம். கையில் குறிப்பேடு, நெஞ்சில் படபடப்பு. அப்படபடப்பு மனத்தளவில் நின்றுவிடுவதன்று. குருதியிலும் அது தடம் பதிக்கிறது. இவ்வுண்மையை நமக்குத் தெளிவுறுத்தியவற்றுள் ஆய்வுக்கூட விலங்குகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

1936 ஆம் ஆண்டில் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர், பல்வேறு துன்பங்களுக்கு ஆளான எலிகளில் அட்ரீனல் சுரப்பிகள் பெருத்திருக்கக் கண்டார். சிறுநீரகங்களின் மேல் அமைந்த இச்சுரப்பிகள், அச்சம் தோன்றியவுடன் அட்ரீனலினையும், அதனைத் தொடர்ந்து மனிதரில் கார்ட்டிசாலையும், எலிகளில் கார்ட்டிகோஸ்டீரோனையும் மிகுதியாகச் சுரக்கின்றன. இவற்றின் தூண்டுதலால், சேமித்து வைத்த கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் குருதியில் இறங்குகின்றன. ஓடுவதற்கும் போராடுவதற்கும் தசைகள் வேண்டும் எரிபொருள் அது. ஓட்டமும் போராட்டமும் இல்லாதவிடத்து, எஞ்சியதைக் கல்லீரல் ஏற்று, கொலஸ்டிராலுடன் சேர்த்துக் கொழுப்புப் புரதங்களாக்கி மீண்டும் குருதிக்கே அனுப்புகிறது.

நமக்கு அண்மையிலுள்ள தரமணியில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான செம்புலிங்கம், நமசிவாயம் முதலியோர் செய்த ஆய்வு 1997 இல் வெளிவந்தது. பேரொலிக்கு ஆளான வெள்ளெலிகளின் குருதியில் கார்ட்டிகோஸ்டீரோன் உயர்ந்தது. துளசிச் சாறு முன்னரே அளிக்கப்பெற்றவற்றில் அவ்வுயர்வு தடுக்கப்பட்டது. அவர்கள் அளந்தது இயக்குநீரை மட்டுமே எனினும், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலிடையே வாழும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று.

எலிக்கு உற்றதெல்லாம் மனிதர்க்கும் உறும் எனக் கொள்ளலாகாது. எலியின் குருதியில் கொலஸ்டிராலின் பெரும்பகுதி, நலம் செய்யும் அடர்மிகு கொழுப்புப் புரதத்தில் அடங்கியுள்ளது. நம்மிலோ அடர்குறை வகையே மிகுதி. ஆயினும் 1959 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவ மாணவரின் குருதிக் கொலஸ்டிரால் தேர்வு நாள்களில் உயர்ந்ததை எடுத்துக்காட்டிற்று.

நம் சிந்தைக்குரிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஓகியோவில் நடந்து 1980 இல் வெளியான ஆய்வில், முயல்கள் யாவற்றுக்கும் ஒரே கொழுப்புணவு ஊட்டப்பட்டது. ஒரு பிரிவினை மட்டும் நாள்தோறும் கையிலெடுத்துத் தடவிக்கொடுத்துப் பேணினர். இரு பிரிவிலும் குருதிக் கொலஸ்டிரால் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால், அன்பு பெற்றவற்றின் பெருந்தமனியில் கொழுப்புப் படிவு 60 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்திருந்தது!

ஆகவே, உணவில் கட்டுப்பாடும் நாள்தோறும் நடைப்பயிற்சியும் நாம் மேற்கொள்வோம். அவற்றோடு, தேர்வுக்குப் புறப்படும் பிள்ளையிடம் மதிப்பெண் கணக்குக் கேளாது, தோளைத் தட்டி வழியனுப்பும் பண்பினையும் பெற்றோரும் ஆசிரியரும் பேணுவோமாக. முயலுக்கு வாய்த்த பரிவு நம் மாணவர்க்கும் வாய்க்கட்டும்.