இத்தாலியப் பாட்டியின் கைமணம் விவேக் நகர் அடுப்பிலும்!

விவேக் நகரில் வியாழக்கிழமை என்றால் குழந்தை இயேசு கோவில் பக்கம் கூட்டம் அலைமோதும். பக்கத்திலேயே கோரமங்களா. அங்குள்ள ஓட்டல்களில் 'பாஸ்தா' ஒரு தட்டு வாங்கும் காசில், குமாஸ்தா வீட்டில் இரண்டு நாள் குழம்பு வைத்துவிடலாம்.

டெலிவிஷன் சமையல்காரர்களும் அதன்மேல் பாலாடைக்கட்டியைத் தாராளமாகக் கொட்டுகிறார்கள். "நமக்கு எட்டாது" என்று வேறு நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுகிறார்கள் நம் இல்லத்தரசிகள். உண்மையில் இத்தாலி வீட்டுச் சமையலில் பெரும்பகுதி, கையில் இருப்பதை வைத்துச் சமாளித்தவர்களின் சமையல். அதை டெலிவிஷனிலும் புத்தகத்திலும் பரப்பிய இருவர், நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள்.

அகதி முகாமில் இருந்து...

அமெரிக்க டெலிவிஷனில் 1998 முதல் சமையல் சொல்லித் தருபவர் லிடியா பாஸ்டியானிச். 1947-ல் போலா நகரில் பிறந்தார். அந்த ஊர் யுகோஸ்லாவியா வசம் போனது. 1956-ல் குடும்பம் இத்தாலியின் திரியெஸ்தே நகருக்கு வந்து சேர்ந்தது. அங்கே அகதி முகாம் வாழ்க்கை. முகாம் இருந்த கட்டிடம் ஒரு காலத்தில் அரிசி ஆலை! 1958-ல் அமெரிக்கா போனார்கள். லிடியா செய்து காட்டுவது பாட்டி வீட்டுச் சமையல். நிகழ்ச்சிகள் பலவற்றில் தாயாரும் கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

இன்னொருவர் மார்செல்லா ஹசான். விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1955-ல் திருமணமாகி நியூயார்க் போனபோது சமைக்கத் தெரியாது. நாக்கில் நின்ற ருசியை வைத்தே கற்றுக்கொண்டார். 1973-ல் புத்தகம் எழுதினார். பெங்களூருக்குக் குடிவந்து, ரசப்பொடி அளவு கேட்டு அம்மாவுக்குக் கடிதம் போட்டவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

வெங்காயத்தை எறிவதா?

மார்செல்லாவின் தக்காளிக் குழம்பு உலகப் பிரசித்தம். தோலுரித்த தக்காளி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, வெண்ணெய் 5 மேஜைக்கரண்டி, இரண்டாக வெட்டிய வெங்காயம் ஒன்று, உப்பு. இளந்தீயில் 45 நிமிடம். பூண்டு கூடக் கிடையாது. கடைசியில் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டுமாம். எறிய நமக்கு மனம் வருமா? தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

பாஸ்தா என்பது கெட்டிக் கோதுமை ரவையில் செய்தது; சேமியாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. உப்புப் போட்ட கொதிநீரில் வேகவைத்து, சற்று விறைப்பாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் அலசக் கூடாது. வடித்த கஞ்சியில் ஒரு கரண்டி குழம்பில் விட்டால்தான் இரண்டும் ஒட்டும். சோறு வடித்துப் பழகிய கைகளுக்கு இது பெரிய வித்தை அல்ல.

பாலாடைக்கட்டி இல்லையா? தென் இத்தாலியின் ஏழை வீடுகளில் பழைய ரொட்டியை உதிர்த்து, எண்ணெயில் முறுகலாக வறுத்து மேலே தூவினார்கள். நேற்று வாங்கிய பேக்கரி ரொட்டியில் இரண்டு துண்டு மிச்சம் இருந்தால் போதும்.