போல்ட்டுக்கும் பரிசோதனை உண்டு

இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்குள், நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தலைக்கு மேல் 1,400 மீட்டர் பாறை. வெட்டவெளியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 மியூவான்கள் எனும் விண்கதிர்த் துகள்கள் பாயும். இங்கே மணிக்குச் சுமார் ஒன்றுதான் வரும். இங்கே தேடப்படும் நியூட்ரினோ என்ற துகளுக்கு மட்டும் மலை ஒரு பொருட்டல்ல.

விண்ணை மறைத்தாயிற்று; இனித் தொல்லை மலையிடமிருந்தே வருகிறது. பாறையிலும் காங்கிரீட்டிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 இம்மியளவேனும் உண்டு. சுவரிலிருந்து ரேடான் வாயு கசியும். கருவிக்கு வாங்கும் எஃகு, கண்ணாடி, ஒயர் எதுவும் விலக்கல்ல. இவை எழுப்பும் சமிக்ஞைகளைத்தான் பின்னணி என்கிறார்கள்.

ஆகவே ஒரு போல்ட்டைக்கூடச் சோதிக்காமல் முடுக்குவதில்லை. சோதிப்பது திரவ நைட்ரஜனில் குளிர்ந்திருக்கும் தூய ஜெர்மானியப் படிகம். சுற்றிலும் செம்பு, அதற்கு வெளியே காரீயச் சுவர். ரேடான் புகாதபடி உள்ளே நைட்ரஜன் வாயு ஓடிக்கொண்டே இருக்கும். மாதிரியைக் கழுவித் துடைத்து வைத்து மூடிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படிகத்தில் படும் காமா கதிர் ஒவ்வொன்றும் தன் ஆற்றலுக்கேற்ற மின்துடிப்பை எழுப்பும். வரைபடத்தில் 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் முனை எழுந்தால் பொட்டாசியம்-40. 2,615-இல் எழுந்தால் தோரியத்தின் வழிவந்த தாலியம்-208. மாதிரியே இல்லாமலும் அளந்து, அந்த எண்ணிக்கையைக் கழித்துக்கொள்வார்கள்.

காவல் நிற்கும் காரீயமே குற்றவாளியாவதும் உண்டு. தாதுவை உருக்கும்போது யுரேனியம் பிரிந்துவிடும். அதன் வழிவந்த காரீயம்-210 மட்டும் காரீயத்தோடேயே தங்கிவிடும். அதன் அரை ஆயுள் 22 ஆண்டு; நூற்றாண்டுகள் கழிந்தால் அது அநேகமாகச் சிதைந்து தீர்ந்திருக்கும். பழைய காரீயத்துக்கு மவுசு வந்தது இதனால்தான். சார்டீனியாக் கடலில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய ரோமானியக் கப்பலின் காரீயப் பாளங்களில் 120, குவோரே என்ற நியூட்ரினோ சோதனையின் கவசத்துக்காக 2010-இல் இங்கே வந்தன. எழுத்து பொறித்த பகுதிகளை வெட்டிப் பத்திரப்படுத்திவிட்டே மற்றதை உருக்கினார்கள். தொல்பொருளை உருக்குவது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் அது சரியான முடிவென்றே நினைக்கிறேன்.

இதே மலைக்குள் இயங்கிய போரெக்சினோ என்ற நியூட்ரினோ கருவியின் திரவம், குடிநீரைவிட நூறு கோடி மடங்குக்கும் மேல் கதிரியக்கம் குறைந்தது. சூரியனின் பெரிலியம்-7 நியூட்ரினோக்கள் அதில் 100 டன்னுக்கு நாளொன்றுக்கு ஐம்பதுக்கும் குறைவாகவே தடம் பதித்தன. பின்னணியை அளந்து ஒடுக்கியிராவிட்டால் அவை கண்ணில் பட்டிருக்கவே மாட்டா. கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சியாலும் சூரியன் எரிகிறது என்பதற்கான நேரடிச் சான்றை 2020-இல் வெளியிட்டதும் அதே கருவிதான்.