குறைமாதப் பிரசவமும் தாயின் உடல்நிலையும்

சென்ற மாதம் தணிக்கைக்காகக் கவரைப்பேட்டைக்குச் சென்றிருந்தேன். கணக்குப் புத்தகங்களை மூடிய பின்னர் அங்கத்தினர் சிலர் பேசிக்கொண்டிருந்தனர். "ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்று பெரியவர் ஒருவர் கூற, ஏனையோர் தலையசைத்தனர். பண்டைக் கிரேக்கரிடத்தும் இந்நம்பிக்கை இருந்ததுண்டு. பழமையானது என்பதனால் அது உண்மையாகிவிடாது. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் சிசுவின் நுரையீரலும் மூளையும் முதிர்கின்றன. எனவே, பிழைக்கும் வாய்ப்பு எட்டாம் மாதக் குழந்தைக்கே அதிகம்.

37 வாரங்கள் நிறையுமுன் நிகழ்வதே குறைமாதப் பிரசவமாகும். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அவர்களுள் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். காரணம் புலப்படாமல் நேர்வதும் உண்டு. ஆயினும், தாயின் உடலில் முன்னரே தோன்றிய கோளாறே பல வீடுகளில் காரணமாக இருக்கிறது. அதனைத் தொழிலின் அலுப்பு என்று நாம் விட்டுவிடுகிறோம்.

குழித்தறியில் அமர்ந்து நெய்யும் கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால், தறியில் உட்கார்ந்ததால் வந்தது என்கிறோம். பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். ஆனால், ஐந்தாம் மாதத்திற்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அளவையோ அதற்கு மேலோ எட்டி, சிறுநீரில் புரதமும் காணுமாயின் அது கவனிக்கத்தக்க நோய். முகமும் கைகளும் வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்குதல் ஆகியன அது முற்றி வருவதைக் காட்டும். நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் சிசுவின் வளர்ச்சி குன்றும். தாய்க்கு வலிப்பு வரலாம். அந்நிலையில் தாயைக் காக்கும் பொருட்டு மருத்துவர்களே குழந்தையை முன்கூட்டி வெளியே எடுக்க நேரிடுகிறது. தொடக்கத்தில் இந்நோய்க்கு வலியோ வேதனையோ இல்லை. கையில் பட்டையைக் கட்டி அழுத்தத்தை அளந்தாலன்றித் தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று மாதப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இதனாலேயே ஆபத்தாகிறது.

நாற்று நடும் பெண்களின் நிலை வேறு. வெயிலில் நீர் அருந்தாமலும், ஒதுங்க இடமின்றிச் சிறுநீரை அடக்கியும் வேலை செய்கின்றனர். நீர்க்கடுப்பு வந்தால் 'உடற்சூடு' என்று இளநீர் கொடுக்கிறோம். இளநீரைக் குறை கூறவில்லை. ஆனால் அது கிருமியைக் கொல்லாது. கிருமி சிறுநீரகத்தை எட்டினால் குளிர்காய்ச்சல் தோன்றி, காலத்திற்கு முன்பே பிரசவ வலியும் எழக்கூடும். ஒரு சிறுநீர்ச் சோதனையும் சில நாள் மருந்தும் இதனைத் தடுக்கும்.

இரத்தசோகை, சர்க்கரை நோய், இரட்டைக் கரு ஆகியவற்றையும், முந்தைய பிரசவம் குறைமாதமாக நேர்ந்திருப்பதையும் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும்.

உதிரம் படுதல், பனிக்குடம் உடைதல், விட்டுவிட்டு வலித்தல் ஆகியவற்றுள் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108 எண்ணுக்குச் சொல்லி, பொன்னேரிக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ உடனே புறப்பட வேண்டும். சிசுவின் நுரையீரலை விரைந்து முதிரச் செய்யும் ஊசிமருந்து ஒன்று தாய்க்குப் போடப்படுகிறது. அதன் பயனை நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹோவி என்னும் இருவர் 1972இல் வெளியிட்டனர். அது முழுப்பயன் தர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வலி கண்ட பின்னர் வீட்டில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஒரு நாளிலிருந்தே குறைகிறது.